யாழ்ப்பாணத்து வயலினும் முற்போக்கு ரொக் இசையும்

கொழும்புத்துறை என்றதும் நம்மிற் பலருக்கு யோகர் சுவாமிகள் வாழ்ந்த குடிலும் அவரது நற்சிந்தனைப் பாடல்களுமே முதலில் நினைவுக்கு வரும். புனித சவேரியார் குருமடம் அமைந்திருப்பதும் அதே ஊரில்தான். கடனீரேரியின் ஒரே கரையில் சைவப் பாடல்களும் கிறிஸ்தவ கீதங்களும் அருகருகே ஒலித்து வந்துள்ளன. இவற்றால் ஒன்றுக்கொன்று கேடு விளைந்ததாக எவரும் கூறியதில்லை. ஆயினும் நமது இளைஞர் ஒருவர் மின்கிற்றாரைக் கையில் எடுத்தால் மரபு அழிந்துவிடும் என்ற அச்சம் நம்மிடையே உடனே எழுகின்றது. அந்த அச்சம் பொருத்தமானதுதானா என்பதை ஆராய, யாழ்ப்பாணத்துடன் தொடர்புடைய ஓர் இசை வரலாற்றை நாம் திரும்பிப் பார்க்க வேண்டியுள்ளது.

முற்போக்கு ரொக் இசை 1960களின் பிற்பகுதியில் பிரித்தானியாவில் தோன்றியது. முற்போக்கு என்ற சொல் இங்கு அரசியற் கொள்கை எதனையும் குறிப்பதன்று. மூன்று நிமிடப் பாடல் என்ற வரம்பைக் கடந்து ரொக் இசையை விரிவுபடுத்தும் முயற்சியையே அது குறிக்கின்றது. பீற்றில்ஸ் குழுவினர் 1967இல் வெளியிட்ட 'சார்ஜன்ற் பெப்பர்ஸ்' இசைத்தட்டு இதற்கு வழி திறந்தது. 1969இல் கிங் கிரிம்சன் குழுவின் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. யெஸ், ஜெனசிஸ், பிங்க் புளொயிட், ஜெத்ரோ ரல் ஆகிய குழுக்களும் இவ்வழியில் புகழ் பெற்றன. 1972இல் ஜெனசிஸ் குழு பதிவு செய்த ஓர் உருப்படி ஏறத்தாழ 23 நிமிடங்கள் நீண்டு, இசைத்தட்டின் ஒரு பக்கத்தின் பெரும்பகுதியை நிரப்பியது.

இவ்விசையின் மற்றொரு சிறப்பியல்பு தாளம். பெரும்பாலான பொப் பாடல்கள் நான்கு எண்ணிக்கை கொண்ட தாளத்தில் அமைந்தவை. முற்போக்கு ரொக் கலைஞர்களோ ஐந்து, ஏழு, ஒன்பது என்ற எண்ணிக்கைகளை விரும்பிக் கையாண்டனர். 1973இல் பிங்க் புளொயிட் வெளியிட்ட 'மணி' என்ற பாடலின் பெரும்பகுதி ஏழு எண்ணிக்கையில் அமைந்தது. மேனாட்டு இளைஞர்களுக்கு இது புதுமையாகத் தோன்றியது. மிஸ்ரசாபுவும் கண்டசாபுவும் கேட்டு வளர்ந்த நமக்கு அது புதுமையன்று. இராகம் தானம் பல்லவியை மணிக்கணக்கில் கேட்கும் இரசிகர்களுக்கு 23 நிமிடங்களும் நீண்ட பொழுதன்று. தவில் மேதை யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் இலயக் கணக்குகளைக் கேட்டுத் தலையசைத்த சமூகம் நமது சமூகம் என்பதையும் இங்கு நினைவுகூர வேண்டும்.

இவ்விரு இசையுலகங்களும் சந்தித்த இடத்தில் நின்றவர்களுள் ஒருவர் வயலின் கலைஞர் எல். சங்கர் ஆவார். 1950இல் சென்னையில் பிறந்த அவர் தமது இளமையின் முதற்பகுதியை இலங்கையிலேயே கழித்தார். அவரது தந்தை வி. இலக்ஷ்மிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசைப் பேராசிரியராகப் பணியாற்றினார். மூத்த சகோதரர் எல். வைத்தியநாதன் பின்னாளில் 'ஏழாவது மனிதன்' திரைப்படத்துக்கு இசையமைத்தார். மற்றைய சகோதரர் எல். சுப்பிரமணியம் உலகப் புகழ்பெற்ற வயலின் மேதை ஆவார். மூவருக்கும் தந்தையே குரு.

அமெரிக்கா சென்ற சங்கர், பிரித்தானிய கிற்றார் கலைஞர் ஜோன் மக்லாக்லினைச் சந்தித்தார். மகாவிஷ்ணு ஒக்கெஸ்ட்ரா என்ற குழுவின் மூலம் ஜாஸையும் ரொக்கையும் பேரோசையுடன் இணைத்தவர் மக்லாக்லின். மின்னிசையில் உச்சத்தைத் தொட்ட அவர், 1970களின் நடுப்பகுதியில் மின்கருவிகளை ஒதுக்கிவைத்துவிட்டு, சங்கருடனும் தபேலா மேதை உஸ்தாத் ஸாகிர் ஹுசைனுடனும் கடம் வித்துவான் விக்கு விநாயக்ராமுடனும் அமர்ந்து 'சக்தி' குழுவைத் தொடங்கினார். ஓர் ஆங்கிலேயரும் ஒரு முஸ்லிமும் தமிழர் இருவரும் ஒரே மேடையில் ஒருவர் கணக்கை மற்றவர் ஏற்று வாசித்ததை உலகம் வியந்து கேட்டது. 2024 டிசம்பரில் ஸாகிர் ஹுசைன் காலமானபோது சமய வேறுபாடின்றி இரசிகர்கள் துயருற்றமை இங்கு குறிப்பிடத்தக்கது.

ரொக் உலகுடனும் சங்கரின் தொடர்பு நீடித்தது. பிராங்க் ஸப்பா தயாரித்த அவரது இசைத்தட்டு 1979இல் வெளிவந்தது. அதனையடுத்து பத்து நரம்புகள் கொண்ட இரட்டை வயலின் ஒன்றை அவர் வடிவமைத்தார். ஜெனசிஸ் குழுவின் முன்னாள் பாடகர் பீற்றர் கேப்ரியல் 1989இல் வெளியிட்ட 'பஷன்' என்ற தொகுப்பில் அந்த வயலின் ஒலிக்கின்றது. அதே தொகுப்பில் கவ்வாலி மேதை நுஸ்ரத் பதே அலி கானின் குரலும் ஒலிக்கின்றது. முற்போக்கு ரொக் உலகிலிருந்து வந்த ஒருவரின் இசையில் கர்நாடக வயலினும் சூபி மரபின் குரலும் தத்தம் தனித்தன்மையை இழக்காமல் இடம்பெற்றன. மரபை ஆழமாகக் கற்றவர் புதுமையைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை.

இந்த வரலாற்றில் வேதனைக்குரிய பகுதியும் உண்டு. 1958 இனக்கலவரத்தை அடுத்து இலக்ஷ்மிநாராயணாவின் குடும்பம் இலங்கையை விட்டு வெளியேறிச் சென்னைக்குத் திரும்பியது. அப்போது சங்கருக்கு வயது எட்டு. அவரது இசை சென்னையிலும் அமெரிக்காவிலும் வளர்ந்தது. அது இங்கு வளர்ந்திருந்தால் எத்தனை மாணவர்கள் பயன்பெற்றிருப்பார்கள் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோதும் இம்மண் இத்தகைய இழப்பையே சந்தித்தது. மக்கள் துரத்தப்படும்போது அவர்களின் பாட்டும் தாளமும் அவர்களுடனேயே போய்விடுகின்றன. மீண்டும் குடியேற வழி கிடைத்தாலும், அறுந்த குரு சீட மரபு உடனே மீள்வதில்லை. மின்கிற்றாரால் மரபுக்கு நேர்ந்த கேடு எதுவென்று தேடினால் எதுவும் அகப்படுவதில்லை. வன்முறையால் நேர்ந்த கேடோ கண்முன்னே நிற்கின்றது.

எனவே நாம் செய்யக்கூடியவை சில உள்ளன. மருதனார்மடத்தில் 1960இல் தொடங்கப்பட்ட இராமநாதன் இசைக் கல்லூரியின் வழிவந்த நுண்கலைக் கல்வி இன்று யாழ். பல்கலைக்கழகத்தின் அங்கமாக விளங்குகின்றது. அங்கு இராகமும் இலயமும் கற்ற மாணவர்களும், ஊர்களிற் கிற்றாரும் மேளமும் வாசிக்கும் இளைஞர்களும் ஒன்றாக அமர்ந்து இசை படைக்கும் வாய்ப்பு உருவாக வேண்டும். கோயில் திருவிழாக்களிலும் பாடசாலை விழாக்களிலும் திரைப்படப் பாடல்களுக்கு வழங்கும் நேரத்தில் ஓர் அரைமணியையாவது இளைஞர்களின் சொந்த ஆக்கங்களுக்கு ஒதுக்கலாம். அம்மேடைகளில் தமிழ், முஸ்லிம் மாணவர்கள் சேர்ந்து வாசிப்பார்களாயின் அது மேலும் வரவேற்கத்தக்கது. கொழும்புத்துறையிலோ சோனகதெருவிலோ திறமையுள்ள பிள்ளை ஒன்று இன்றும் இருக்கக்கூடும். அப்பிள்ளை தன் இசையை வளர்த்துக்கொள்ள ஊரை விட்டுப் போகவேண்டிய நிலை இனியும் நேராதிருக்க வேண்டும்.