கெல்ன்ஹௌசன் பட்டயம் பேசாத துரோகம்

'சிங்கம்' என்று பட்டப்பெயர் பெற்ற டியூக் ஹென்றியின் கதை வழக்கமாக இப்படித்தான் சொல்லப்படுகிறது: 1176-ல் வட இத்தாலிய நகரங்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த பேரரசன் பிரெடரிக் பார்பரோசா, தன் தாய்மாமன் மகனான ஹென்றியிடம் கியாவென்னாவில் படை உதவி கேட்டான். வெள்ளிச் சுரங்கம் உள்ள கோஸ்லரைக் கொடு, வருகிறேன் என்றான் ஹென்றி. பேரம் படியவில்லை. லெக்னானோவில் பேரரசன் தோற்றான். பிறகு துரோகியைப் பழிதீர்த்தான்.

கச்சிதமான கதை. எனக்குச் சந்தேகம் வருவதும் அந்தக் கச்சிதத்தால்தான். ஹென்றியின் சாக்ஸனியைப் பங்கிட்டு 1180 ஏப்ரலில் எழுதப்பட்ட கெல்ன்ஹௌசன் பட்டயத்தில் கியாவென்னா பற்றி ஒரு சொல்கூடக் கிடையாது. திருச்சபைகளையும் பிரபுக்களையும் ஒடுக்கினான், விசாரணைக்குப் பலமுறை அழைத்தும் வரவில்லை என்பவைதாம் அதிலுள்ள குற்றங்கள். அப்படியானால் முறையிட்டவர்கள் யார்?

ஹென்றியின் அதிகாரம் எப்படித் திரண்டது என்று பார்த்தால் இது விளங்கும். 1142-ல் சாக்ஸனியும் 1156-ல் பவேரியாவும் அவன் கைக்கு வந்தன. ஃப்ரைசிங் பிஷப்புக்கு ஃபோரிங்கில் ஒரு பாலம் இருந்தது. அந்த வழியாகப் போன உப்புக்குச் சுங்கம் கிடைத்தது. ஹென்றி அதை அழித்துவிட்டு, பாலத்தையும் சந்தையையும் மியூனிக்கில் வைத்துக்கொண்டான். 1158-ல் வழக்குத் தீர்த்த பேரரசன், வருமானத்தில் மூன்றிலொரு பங்கை பிஷப்புக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டுச் சந்தையை ஹென்றிக்கே விட்டுவிட்டான். லூபெக்கையும் தனக்குக் கீழ்ப்பட்ட ஹோல்ஸ்டைன் பிரபுவை நெருக்கித்தான் வாங்கினான். இருபது வருஷத்துக்கு மேலாக முறையீடுகள் குவிந்தன. பேரரசன் தன் மச்சானைக் காத்துவந்தான். 1176-க்குப் பிறகு கையை எடுத்துவிட்டான், அவ்வளவுதான். வெஸ்ட்ஃபாலியா கொலோன் பேராயருக்கு, சாக்ஸனியின் கிழக்குப் பகுதி பெர்ன்ஹார்டுக்கு, பவேரியா விட்டல்ஸ்பாக் ஓட்டோவுக்கு. பேரரசன் தனக்கென்று ஒரு டச்சியையும் வைத்துக்கொள்ளவில்லை. பழிவாங்கல் என்கிறோம்; பாகப்பிரிவினை என்பதே பொருந்தும். 1182-ல் ஹென்றி மாமனாரான இங்கிலாந்து அரசனிடம் தஞ்சம் போனான். 1195-ல் பிரவுன்ஸ்விக்கில் இறந்தான்.

இந்தப் பங்காளிச் சண்டையில் காணாமல் போகிறவர்கள் எல்பே நதிக்கு அப்பாலிருந்த ஸ்லாவ் மக்கள். 1147 சிலுவைப்போர் அவர்கள்மீது தொடுக்கப்பட்டது. 1160-ல் ஓபோட்ரைட் தலைவன் நிக்லோட் கொல்லப்பட்டான். 1167-ல் அவன் மகன் பிரிபிஸ்லாவ் ஹென்றிக்கு அடங்கியவனாகத் தன் நாட்டின் பெரும்பகுதியைத் திரும்பப் பெற்றான். இந்தப் படையெடுப்புகளில் கிறிஸ்தவத்தைப் பற்றிப் பேச்சே இல்லை, பணத்தைப் பற்றித்தான் என்று எழுதியவர் வேறு யாருமில்லை, குடியேற்றத்தின் பக்கம் நின்ற பாதிரியார் ஹெல்மோல்ட்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸிபெல் போன்ற வரலாற்றாசிரியர்கள், பேரரசர்கள் இத்தாலியில் வலுவை வீணடித்தார்கள், ஜெர்மனியின் எதிர்காலம் கிழக்கில்தான் இருந்தது என்று வாதிட்டார்கள். இந்த வாதத்துக்கு ஹென்றி தோதான நாயகன். பழைய 'துரோகி' தீர்க்கதரிசியானான். 1935-ல் நாஜிகள் பிரவுன்ஸ்விக்கில் அவன் கல்லறையைத் திறந்தார்கள். ஹிட்லரே வந்து பார்த்தான். பேராலயம் ஒரு தேசியக் கோயிலாக உருமாற்றப்பட்டது. அங்கிருந்து கிழக்கு நோக்கிய படையெடுப்புக்கு அதிக வருஷம் ஆகவில்லை.

துரோகி, தீர்க்கதரிசி என்ற இரண்டு பிம்பங்களும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. வரலாறு என்பது இரண்டு பெரிய மனிதர்களின் மானப் பிரச்சினை என்று நம்பவைக்கின்றன. பட்டயத்தைக் கையில் வைத்துக்கொண்டு படித்தால் சுங்கம், சந்தை, நிலம் என்று பேச்சு மாறுகிறது. ஆனால் அந்தப் பட்டயத்திலும் நிக்லோட்டின் ஜனங்கள் கிடையாது. அவர்கள் முறையிட்டிருந்தால் கேட்க எந்த மன்றம் இருந்தது?