கொழுந்துக் கூடையும் பேச்சுவார்த்தை மேசையும்

வேலைநிறுத்தம் என்றதும் எம்மில் பலருக்குக் கொடியும் கோசமும்தான் நினைவுக்கு வரும். முன்னால் ஆண் தலைவர்கள் நிற்பார்கள், பின்னால் பெண்கள் அமர்ந்திருப்பார்கள். இந்தக் காட்சியை 2015ஆம் ஆண்டில் கேரளத்தின் மூணாறு மலைத் தோட்டங்களில் வேலை செய்த தமிழ்ப் பெண்கள் மாற்றிக் காட்டினார்கள். அவர்கள் வென்றதிலும் வெல்ல முடியாமற் போனதிலும் உழைக்கும் பெண்களாகிய எமக்குப் பாடம் உண்டு.

மூணாறின் தேயிலைத் தோட்டங்களில் பெரும்பகுதி கண்ணன் தேவன் என்ற கம்பனியின் கையில் இருக்கிறது. அங்கு கொழுந்து பறிப்பவர்களில் மிகப் பெரும்பாலானோர் பெண்கள். தமிழ்நாட்டிலிருந்து தலைமுறைகளுக்கு முன்னர் கூலிகளாகக் கொண்டு செல்லப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் அவர்கள். எமது மலையகத்தைப் போலவே அங்கும் லய வாழ்க்கைதான். 2015இல் அவர்களுடைய நாட்சம்பளம் 232 இந்திய ரூபாய். முந்திய ஆண்டு 19 வீதமாக இருந்த போனசை அந்த ஆண்டு 10 வீதமாகக் குறைப்பதாகக் கம்பனி அறிவித்தது. சங்கங்கள் போதிய எதிர்ப்புக் காட்டவில்லை என்பது பெண்களின் குற்றச்சாட்டு.

செப்டெம்பர் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் மலையிலிருந்து இறங்கி மூணாறு நகரின் பிரதான வீதியில் அமர்ந்தார்கள். தமக்குப் "பொம்பிளை ஒருமை" என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். கட்சித் தலைவர்களையும் சங்கத் தலைவர்களையும் கிட்ட நெருங்க விடவில்லை. வீட்டு ஆண்களைக்கூடத் தள்ளி நிற்கச் சொன்னார்கள்.

அவர்களுடைய பலம் எது?

முதலாவது, கொழுந்து காத்திருக்காது. உரிய நாளில் பறிக்காவிட்டால் முற்றிவிடும். பறித்த கொழுந்தும் உடனே தொழிற்சாலைக்குப் போக வேண்டும். ஆகவே பறிக்கும் கைகள் நின்றால் கம்பனிக்கு ஒவ்வொரு நாளும் நட்டம். இரண்டாவது, மூணாறு உல்லாசப் பயணிகள் வரும் நகரம். வீதி மறிபட்டால் அரசாங்கமும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. மூன்றாவது, அவர்கள் எல்லோருக்கும் விளங்கக்கூடிய கோரிக்கைகளை முன்வைத்தார்கள். போனஸ் 20 வீதம் வேண்டும், நாட்சம்பளம் 500 ரூபாய் வேண்டும் என்றார்கள்.

ஒன்பது நாட்களின் பின், செப்டெம்பர் 13ஆம் திகதி, முதலமைச்சர் உம்மன் சாண்டியின் முன்னிலையில் கொச்சியில் உடன்பாடு ஏற்பட்டது. அங்கு பெண்களின் பிரதிநிதிகளும் பேச அமர்ந்தார்கள். 8.33 வீதம் போனசாகவும் 11.67 வீதம் கருணைக் கொடுப்பனவாகவும், மொத்தம் 20 வீதம் கிடைத்தது. கேட்டதை முழுமையாகப் பெற்றார்கள்.

சம்பளத்துக்கு என்ன நடந்தது?

சம்பளக் கோரிக்கை வேறு மேசைக்குப் போனது. கேரளத்தில் தோட்டச் சம்பளத்தை முதலாளிமார், தொழிற்சங்கங்கள், அரசாங்கம் ஆகிய முத்தரப்பும் கொண்ட தோட்டத் தொழிலாளர் குழு தீர்மானிக்கிறது. பொம்பிளை ஒருமை அப்போது அங்கீகரிக்கப்பட்ட சங்கம் அல்ல. எனவே வீதியில் முன்னின்ற பெண்களுக்கு அந்த மேசையில் ஆசனம் இல்லை. மீண்டும் வேலைநிறுத்தங்கள் நடந்தன. ஒக்டோபர் நடுப்பகுதியில் தேயிலைத் தொழிலாளரின் நாட்சம்பளம் 301 ரூபாய் என முடிவாயிற்று.

கூடவே இன்னொரு முடிவும் வந்தது. நாட்சம்பளத்துக்குப் பறிக்க வேண்டிய கொழுந்து 21 கிலோவிலிருந்து 25 கிலோவாகக் கூட்டப்பட்டது. இதை நாமே கணக்குப் போட்டுப் பார்ப்போம். முன்பு 21 கிலோவுக்கு 232 ரூபாய், அதாவது கிலோவுக்கு ஏறக்குறைய 11 ரூபாய். பின்பு 25 கிலோவுக்கு 301 ரூபாய், அதாவது கிலோவுக்கு ஏறக்குறைய 12 ரூபாய். சம்பளம் 69 ரூபாய் கூடியது உண்மை. ஆனால் ஒரு கிலோவுக்குக் கூடியது ஒரு ரூபாய் மட்டுமே. மீதியைப் பெண்ணின் முதுகுதான் சுமக்கிறது.

எமது மலையகத்தில்

இதே கணக்கை இங்கும் பார்த்தோம். தோட்டக் கம்பனிகளும் சங்கங்களும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கூட்டு ஒப்பந்தம் செய்துவந்தன. 2016 ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 500 ரூபாய், வரவுக் கொடுப்பனவு 60, உற்பத்திக் கொடுப்பனவு 140, விலைப் பங்கு 30, மொத்தம் 730 ரூபாய். அதன்பின் ஆயிரம் ரூபாய் கேட்டுப் போராட்டங்கள் நடந்தன. 2018 டிசெம்பரில் வேலைநிறுத்தமும் நடந்தது. 2019 ஜனவரியில் கைச்சாத்தான ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 700 ஆனது. ஆனால் வரவுக் கொடுப்பனவும் உற்பத்திக் கொடுப்பனவும் நீக்கப்பட்டன. விலைப் பங்கு 50 சேர்ந்து மொத்தம் 750 ரூபாய். 200 ரூபாய் கூடியதாகச் சொல்லப்பட்டாலும், முழுக் கொடுப்பனவுகளையும் பெற்றுவந்த பெண்ணின் கைக்குக் கூடுதலாக வந்தது 20 ரூபாய். சேமலாப நிதிக்கு அடிப்படைச் சம்பளம் முக்கியம் என்பதால் நன்மையே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் எது கூடியது, எது கழிந்தது என்பதைத் தொழிலாளி அறிந்திருக்க வேண்டும்.

2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை ஊடாக ஆயிரம் ரூபாய் வந்தது. கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகின. அதன்பின் பல தோட்டங்களில், நாளொன்றுக்கு எத்தனை கிலோ என்பதே பிணக்காக மாறியது.

எமக்கு என்ன?

இதை வாசிப்பவர்களில் சிலரின் தாயும் பாட்டியும் கொழுந்து பறித்தவர்கள். 1977, 1983 வன்செயல்களின்போது வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பங்கள் பல. 2009இன் பின் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் ஆடைத் தொழிற்சாலைகள் வந்தன. குடும்பப் பாரத்தைத் தனியே சுமக்கும் பெண்கள் பலர் அங்கு வேலைக்குப் போகிறார்கள். கூடையின் நிறைக்குப் பதிலாக அவர்களுக்கு மணித்தியாலத்துக்கு இத்தனை உடுப்பு என்ற இலக்கு இருக்கிறது. சம்பளம் கூடும்போது இலக்கும் கூடினால் அதுவும் அதே கணக்குத்தான்.

சட்டம் எமக்குச் சில வழிகளைத் தந்திருக்கிறது. ஏழு பேர் சேர்ந்தால் ஒரு தொழிற்சங்கத்தைப் பதிவு செய்ய விண்ணப்பிக்கலாம். கைத்தொழில் பிணக்குகள் சட்டத்துக்கு 1999இல் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின்படி, தொழிலாளர்களில் 40 வீதத்தினரை அங்கத்தவராகக் கொண்ட சங்கத்துடன் பேச முதலாளி மறுக்க முடியாது. சங்கத்தில் சேர்ந்தமைக்காக ஒருவரை வேலையிலிருந்து நிறுத்துவதும் குற்றமாகும்.

ஏற்கெனவே சங்கத்தில் சந்தா கட்டும் சகோதரிகள் தமது தலைவர்களிடம் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். பேச்சுவார்த்தைக்குப் போகும் குழுவில் வேலைத்தளப் பெண்கள் எத்தனை பேர்? கைச்சாத்திட முன்னர் ஒப்பந்தத்தைத் தமிழில் எமக்கு வாசித்துக் காட்டுவீர்களா? சம்பளத்தோடு நிறையும் இலக்கும் மாறுகின்றனவா?

வேலைநிறுத்தத்தில் சம்பளத்தை இழப்பவர்கள் நாம், பிள்ளைக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்துவிட்டு வீதியில் அமர்பவர்களும் நாம். அப்படியானால் கையெழுத்து வைக்கும் மேசையிலும் எமக்கு ஓர் ஆசனம் வேண்டும். மூணாறுப் பெண்கள் அந்த ஆசனத்தில் இருந்தபோது கேட்டதைப் பெற்றார்கள். ஆசனம் இல்லாதபோது கேட்ட சம்பள உயர்வில் பாதியும் வரவில்லை.