எழுத்துகளுக்கு இடையே உள்ள வெற்றிடம்

பின்வரும் வரியைப் படித்துப் பாருங்கள்:

நேற்றுமாலைபெய்தமழையில்குளம்நிரம்பிவிட்டதுஇன்றுமீன்பிடிக்கப்போகலாம்

படித்துவிடலாம், ஆனால் வழக்கத்தைவிடச் சற்று அதிக நேரம் ஆகிறது. எழுத்துகள் யாவும் நமக்குப் பழக்கமானவை. கடினமான சொல் ஒன்றுகூட இல்லை. சொற்களுக்கு நடுவே இருக்கும் வெற்றிடமும், வாக்கிய முடிவில் வரும் புள்ளியும் மட்டுமே இல்லை. மை படாத அந்த இடம் படிப்பவருக்கு எவ்வாறு உதவுகிறது?

கண் தாவித் தாவிச் செல்கிறது

படிக்கும்போது கண் வரியின்மேல் சீராக நகர்வதாகவே நமக்குத் தோன்றுகிறது. உண்மை அதுவன்று. கண் தாவல்களாகச் செல்கிறது என்பதை 1870களின் இறுதியில் பாரிஸ் நகரக் கண் மருத்துவர் எமில் ழவால் எடுத்துரைத்தார். ஒவ்வொரு தாவலுக்குப் பின்னரும் கண் ஏறக்குறைய கால் விநாடி நிலைத்து நிற்கிறது. அப்படி நிற்கும்போதுதான் நாம் படிக்கிறோம். தாவும்போது எழுத்து எதுவும் தெளிவாகப் பதிவதில்லை.

கண் ஏன் தாவ வேண்டும்? விழித்திரையின் நடுவே ஒரு சிறு குழி உள்ளது. கூம்புச் செல்கள் மிக நெருக்கமாக அமைந்திருப்பது அங்கேதான். அக்குழி காணும் பரப்பு சுமார் 2 பாகை கோணமே. புத்தகத்தை 35 செ.மீ. தொலைவில் வைத்தால் தாளின்மேல் அது சுமார் 12 மி.மீ. ஆகும். அளவுகோலை இந்தப் பக்கத்தின்மேல் வைத்துப் பாருங்கள். அந்த 12 மி.மீ.க்குள் நான்கைந்து எழுத்துகளே அடங்கும். அதற்கு அப்பால் உள்ள எழுத்துகள் மங்கலாகத்தான் தெரியும்.

எழுத்துகள் மங்கினாலும் அவற்றுக்கிடையே உள்ள வெற்றிடம் புலப்படும். அடுத்த சொல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை அதைக் கொண்டு முன்கூட்டியே அறிந்து, கண் பொருத்தமான இடத்தில் போய் நிற்கிறது. ஆங்கிலப் பகுதிகளில் இடைவெளிகளை நீக்கிப் படிக்கச் செய்த சோதனைகளில் வேகம் 30 முதல் 50 விழுக்காடு வரை குறைந்தது.

சீனர்கள் எப்படிப் படிக்கிறார்கள்?

சீன மொழியில் இன்றும் சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது. ஒவ்வோர் எழுத்தும் ஒரே அளவுள்ள சதுரக் கட்டத்துக்குள் அமைகிறது. இரண்டு எழுத்து கொண்ட சொற்கள் மிகுதி. ஓரெழுத்துச் சொற்களும் உண்டு. எது எதனோடு சேரும் என்பதைப் படிப்பவரே பிரித்தறிய வேண்டும்.

சீன வரியில் இடைவெளி விட்டால் என்ன ஆகும்? சீன, பிரிட்டிஷ், அமெரிக்க ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2008-இல் முடிவை வெளியிட்டனர். ஒரே வாக்கியத்தை நான்கு வகையாக அமைத்தனர்: வழக்கம்போல் தொடர்ச்சியாக, சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டு, எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டு, சொற்களைத் தவறான இடத்தில் பிரித்து. முதல் இரண்டு வகைகளையும் படிக்க ஒரே அளவு நேரமே ஆயிற்று. பின்னிரண்டில் வேகம் குறைந்தது.

சொல்லுக்குச் சொல் இடைவெளி விடுவது சீனருக்குப் புதிது. இருந்தும் அவர்களது வேகம் குறையவில்லை. பழக்கமின்மையால் நேர்ந்த இழப்பைச் சொல்லின் எல்லை தெளிவாகத் தெரிந்தது ஈடுகட்டியது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். ஆகவே வெற்றிடம் இருந்தால் மட்டும் போதாது. அது சரியான இடத்தில் இருக்க வேண்டும்.

வரியின் திசையும் பழக்கத்தைப் பொறுத்ததே. மேலிருந்து கீழாக அச்சிடப்பட்டு வந்த சீன நாளேடுகளில் குவாங்மிங் நாளிதழ் 1955 சனவரி முதல் நாளிலும், மக்கள் நாளிதழ் 1956 சனவரி முதல் நாளிலும் கிடை வரிக்கு மாறின. இன்று சீனப் பெருநிலத்தில் கிடை வரியே வழக்கம்.

ஓலையில் தமிழ்

நம் முன்னோரும் இடைவெளியின்றித்தான் எழுதினர். மதுரைக்கு அருகே மாங்குளம் குகைக் கல்வெட்டுகளில் எழுத்துகள் தொடர்ச்சியாகவே செல்கின்றன. ஓலைச்சுவடியிலோ பாட்டும் உரைநடைபோல் ஓரே ஓட்டமாக எழுதப்பட்டது, அடி பிரிப்பதில்லை. எழுத்தாணி பட்டு ஓலை கிழியும் என்பதால் புள்ளியையும் விட்டுவிடுவர் என்று கூறுவதுண்டு. குறில் நெடில் வேறுபாடு எகர ஒகரங்களில் தெரியாது. கொல, கொல், கோல, கோல் ஆகிய நான்கும் ஏட்டில் ஒன்றுபோலவே இருக்கும்! ரகரமும் துணைக்காலும் ஒரே வடிவம் என்பதால் ‘தர’ என்பதும் ‘தா’ என்பதும் ஒன்றே.

பாட்டை முன்பே மனப்பாடம் செய்தவருக்கு இது தடையன்று. ஏடு அவருக்கு ஒரு நினைவூட்டல். புதிதாகப் படிப்பவர்தாம் திணறுவர். 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் அச்சேற்றிய உ.வே. சாமிநாதையர் இத்தகைய ஏடுகளைக் கொண்டுதான் உழைத்தார்.

ஏகார ஓகாரங்களை வேறுபடுத்தும் வடிவங்களை 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் வகுத்தார். நிறுத்தக்குறிகளைத் தமிழ் உரைநடையில் பரப்பியவர் 19-ஆம் நூற்றாண்டின் ஆறுமுக நாவலர். 1950களில் மர்ரே எஸ். ராஜம் பழைய இலக்கியங்களைச் சந்தி பிரித்து மலிவு விலையில் வெளியிட்டார். பாடலின் ஒரு சொல்லும் மாறவில்லை. ஆனால் புலவரின் துணையின்றியே எளியவரும் அதனுள் நுழைய வழி கிடைத்தது.

எங்கே பிரிப்பது?

தமிழ்ச் சொல் உருபுகளை ஏற்று நீளும் இயல்புடையது. ‘திண்டுக்கல்லிலிருந்து’ என்பதில் 11 எழுத்துகள் உள்ளன. இது 12 மி.மீ.க்குள் அடங்காது, கண் இரண்டு மூன்று முறை நிற்க நேரலாம். அதற்காக விரும்பிய இடத்தில் வெட்டிவிடலாமா? ‘பறவையைப் பிடித்துவிட்டான்’ என்றால் பறவை கையில் இருக்கிறது. ‘பறவையைப் பிடித்து விட்டான்’ என்றால் பிடித்தபின் பறக்கவிட்டான் என்றும் பொருள்படும்.

வரி முடிவிலும் கவனம் தேவை. தமிழில் மறுப்பு பெரும்பாலும் சொல்லின் இறுதியில் வருகிறது. ஒரு சிறு மருந்துப் புட்டியின் ஒட்டுத்தாளில் ‘குழந்தைகளுக்குக் கொடுக்கலா’ என்று ஒரு வரி முடிந்து, மீதி ‘காது’ அடுத்த வரிக்குப் போனால் என்னவாகும்? அவசரத்தில் படிக்கும் தாய், கொடுக்கலாம் என்றே எண்ணிவிடக்கூடும். அறிவிப்புப் பலகை, விண்ணப்பப் படிவம், முதல் வகுப்புப் பாடநூல் ஆகியவற்றை அமைப்போர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். பழகிய வாசகர் இடறினாலும் சமாளித்துக்கொள்வார். எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கு அது இயலாது.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரு பெரிய தாளின் நடுவில் பென்சில் நுழையும் அளவுக்கு ஒரு துளை இடுங்கள். துளைக்கு மேலும் கீழும் ஐந்து ஐந்து வரிகள் எழுதுங்கள்: மேலே இடைவெளி விட்டு, கீழே இடைவெளி இன்றி. நண்பர் தாளைப் பிடித்து மனத்துக்குள் படிக்கட்டும். நீங்கள் மறுபக்கத்தில் இருந்து துளை வழியே அவர் கண்ணைக் கவனியுங்கள். தாவல்கள் நன்றாகத் தெரியும். ஒவ்வொரு வரிக்கும் எத்தனை நிறுத்தங்கள், மொத்தம் எத்தனை விநாடிகள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மூன்றாம் வகுப்பு மாணவர் ஒருவரையும் படிக்கச் செய்யுங்கள். மேல் வரிகளுக்கும் கீழ் வரிகளுக்கும் உள்ள வேறுபாடு இருவரில் யாருக்கு அதிகம் என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள்.