தண்டவாளம் ஒன்று... கருத்து ஆயிரம்! மாடல் ரயில் பிரியர்கள் சண்டையைச் சமாளிப்பது எப்படி?

நவராத்திரி வந்தால் கொலுப்படிக்குக் கீழே ஒரு பார்க் முளைத்துவிடும். கேழ்வரகு தூவி வளர்த்த புல்வெளி, கண்ணாடித் துண்டில் குளம், அதைச் சுற்றி ஓடும் பொம்மை ரயில். ரயில் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அண்ணனும் தங்கையும் மல்லுக்கு நிற்பார்கள். அம்மா போடும் ஓர் அதட்டலில் எல்லாம் முடிந்துவிடும்.

அந்த ரயிலை ஐம்பது, அறுபது வயதிலும் விடாதவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். இன்ஜின், பெட்டி, சிக்னல், ஸ்டேஷன் என எல்லாவற்றையும் அளவு குறைத்துச் செய்து ஓட்டும் இந்தப் பொழுதுபோக்குக்கு 'மாடல் ரயில்வே' என்று பெயர். இதற்காகச் சங்கம் வைக்கிறார்கள், ஹால் பிடித்துக் கூடுகிறார்கள். லண்டனில் 1910-ல் தொடங்கிய மாடல் ரயில்வே கிளப்புக்கு நூறு வயது தாண்டிவிட்டது. ஆனால், பெரியவர்கள் பத்துப் பேர் ஒரே பாதையில் ரயில் விடும்போது அதட்டி முடித்துவைக்க அம்மா இல்லையே... என்ன செய்கிறார்கள்?

சேலத்துக்குப் பழகிய பிரச்னை

முதல் சண்டை அளவில் தொடங்குகிறது. சேலம்வாசிகளுக்கு இது புதிதல்ல. விருத்தாசலம் பாதை அகலப்பாதையாக மாற்றப்படும் வரை, சேலத்தில் இரண்டு வகைத் தண்டவாளங்கள் இருந்தன. ஒன்றின் அகலம் 1,676 மில்லிமீட்டர், இன்னொன்று 1,000 மில்லிமீட்டர். இதில் ஓடும் பெட்டி அதில் ஓடாது. பயணிகள் இறங்கி மாறித்தான் ஏற வேண்டும்.

குட்டி ரயில்களிலும் இதே கதைதான். ஒரு கம்பெனி செய்த இன்ஜின், இன்னொரு கம்பெனியின் தண்டவாளத்தில் தடம் புரளும். இதற்கு முடிவுகட்டத்தான் 1935-ல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் தேசிய மாடல் ரயில் சங்கம் உருவானது. சக்கரம், தண்டவாளம் இரண்டுக்கும் பொது அளவுகளை வகுத்தார்கள். சரிபார்க்க, உள்ளங்கையில் அடங்கும் ஓர் உலோக அளவுத் தகடும் வந்தது. ரயில் கவிழ்ந்தால், "உங்க தண்டவாளம் சரியில்ல", "உங்க சக்கரம்தான் கோணல்" என்று குரலை உயர்த்தத் தேவையில்லை. தகட்டை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அந்த 3 மில்லிமீட்டர்

தகட்டால் தீராத சண்டையும் உண்டு. உலகில் அதிகம் புழங்கும் மாடல் அளவு 'எச்.ஓ.' அதாவது, நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு. இதன் தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள 1,435 மில்லிமீட்டர் பாதையைச் சுருக்கினால் கிடைப்பது இது. நம் ஊர் அகலப்பாதையைச் சுருக்கினால் 19 மில்லிமீட்டரைத் தாண்டும். எனவே, சேலம் வழியாக ஓடும் ஓர் இன்ஜினை அச்சு அசலாகச் செய்து எச்.ஓ. தண்டவாளத்தில் நிறுத்தினால், அதன் கால்கள் கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் ஒடுங்கியிருக்கும்.

"3 மில்லிமீட்டர்தானே, யார் பார்க்கப்போறாங்க?" என்பது ஒரு கட்சி. "நான் பார்ப்பேனே!" என்பது எதிர்க்கட்சி. ஒருவருக்கு ரயில் ஓடினால் போதும். இன்னொருவருக்கு நிஜம் போலவே இருக்க வேண்டும். இருவர் சொல்வதும் நியாயம்தான். ஓட்டெடுப்பு நடத்தினாலும் தோற்றவர் மனம் மாறப்போவதில்லை.

மேசைக்கு மேலே, மேசைக்குக் கீழே

அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் 1946-ல் தொடங்கிய மாடல் ரயில் கிளப்பிலும் இரண்டு அணிகள் இருந்தன. ஓர் அணிக்கு மலை, மரம், பழைய இன்ஜின்களின் அழகு முக்கியம். மற்றோர் அணிக்கு, மேசைக்கு அடியில் டெலிபோன் ரிலேக்களைக் கோத்து ரயில்களை இயக்குவதில்தான் ஆர்வம். மேலே இருப்பது அவர்கள் ராஜ்ஜியம், கீழே இருப்பது இவர்கள் ராஜ்ஜியம் என்று வேலை பிரிந்தது. 'ஹேக்கர்' என்ற சொல்லின் கம்ப்யூட்டர் அர்த்தத்துக்கு வேர், அந்தக் கீழ்த்தள அணியின் பேச்சுவழக்கில்தான் இருக்கிறது!

ஓரத்தில் மட்டும் ஒரே சட்டம்

இதைவிட எளிய வழி, 1970-களில் கலிஃபோர்னியாவில் பிறந்த 'என்-ட்ராக்' முறை. ஒவ்வோர் உறுப்பினரும் தன் வீட்டில் ஒரு பலகை செய்வார். நீளம் 4 அடி, அகலம் 2 அடி, தரையிலிருந்து உயரம் 40 அங்குலம். அதன்மேல் மூன்று தண்டவாளங்கள், முன்விளிம்பிலிருந்து 4, 5½, 7 அங்குலத்தில். இந்த அளவுகளை மட்டும் யாரும் மாற்றக் கூடாது. நடுவில் என்ன வைப்பது என்பது அவரவர் இஷ்டம். ஒருவர் பலகையில் பனிமலை, பக்கத்துப் பலகையில் பாலைவனம் இருக்கலாம். கூடும் நாளில் பலகைகளை வரிசையாகக் கோத்தால், ரயில் எல்லோர் ஊர் வழியாகவும் ஓடும்.

இன்னொரு லாபமும் இருக்கிறது. எல்லோரும் பணம் போட்டு ஒரே அமைப்பாகக் கட்டினால், ஒருவர் கோபித்துக்கொண்டு போகும்போது 'என் பங்கு எது?' என்ற கேள்வி வரும். மலையை வெட்டியா கொடுக்க முடியும்? பலகை முறையில் அவர் தன்னுடையதை எடுத்துக்கொண்டு போகலாம். மனம் மாறினால் அதே பலகையோடு திரும்பியும் வரலாம். பல வருட உழைப்பும் மிச்சம், நட்பும் மிச்சம்.

கூடுகை நடத்துகிறீர்களா? இவற்றைக் கவனியுங்கள்

* யார் பலகை எங்கே என்ற வரைபடத்தை முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். ஹாலுக்கு வந்தபின் இடம் பிரித்தால் அரை நாள் போய்விடும்.
* பார்வையாளர்கள் வரும் முன், எல்லா இணைப்புகளிலும் ஒரே ரயிலை ஓட்டிச் சோதியுங்கள்.
* யார் எத்தனை மணிக்கு ஓட்டுவது என்று டைம்டேபிள் எழுதி ஒட்டுங்கள். சீனியர், ஜூனியர் பேதம் வேண்டாம்.
* அன்றைக்கு ஒருவரே 'கன்ட்ரோலர்'. அவர் சொல்வதை அன்று கேட்க வேண்டும். விவாதம் மறுவாரக் கூட்டத்தில். அடுத்த முறை கன்ட்ரோலர் வேறொருவர்.
* அடுத்தவர் இன்ஜினை அனுமதி இல்லாமல் தொடாதீர்கள். சண்டைகளில் பாதி இதில்தான் ஆரம்பிக்கும்.

நம் பக்கம் தொடங்கினால்...

சண்டையே வேண்டாம் என்றால் தனியாகவும் கட்டலாம். புனேயில் பாவு ஜோஷி உருவாக்கி, 1998-ல் திறந்த மினியேச்சர் ரயில் அருங்காட்சியகம் அப்படி ஒரு தனிமனிதக் கனவுதான். ஆனால், அதற்கு ஒரு முழு ஆயுளின் உழைப்பு தேவை. நான்கு பேர் சேர்ந்தால் ஆளுக்கு 4 அடி போதும்.

நாமக்கல் நகருக்கு ரயில் வந்ததே 2013-ல்தான், சேலம் - கரூர் புதிய பாதை திறந்தபோது. ஊருக்கு ரயில் வந்த நாளை நேரில் பார்த்த பிள்ளைகள் இன்று கல்லூரியில் படிக்கும் வயதில் இருக்கிறார்கள். மரம், இரும்பு, வயரிங், பெயின்ட் என்று எல்லாம் தெரிந்த லாரி பாடி கட்டும் பட்டறைகளுக்கும் அங்கே பஞ்சமில்லை. ஆர்வம் உள்ள நான்கு பேர் கூடினால், இன்ஜின் வாங்குவதற்கு முன் நான்கு விஷயங்களை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்: பலகையின் நீளம், அதன் உயரம், விளிம்பிலிருந்து தண்டவாளத்தின் தூரம், எந்த நிற வயர் எதற்கு. மீதி எல்லாவற்றிலும் தாராளமாகச் சண்டை போடலாம்... ரயில் ஓடிக்கொண்டே இருக்கும்!