எண்ணை மட்டும் சொன்னால் போதாது
வீட்டிலேயே கார் பராமரிப்பு – 11

டேஷ்போர்டில் என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தால் வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விடுகிறோம். அங்கே ஸ்கேனரை மாட்டிப் பார்க்கிறார்கள். அதில் வரும் கோளாறுக் குறியீடு எந்த சென்சாரைச் சுட்டுவதுபோலத் தெரிகிறதோ அதை மாற்றி, குறியீட்டை அழித்து, பில் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். கொஞ்ச நாளில் அதே விளக்கு மறுபடி எரிகிறது. இந்தச் சுற்றில் மாட்டாமல் இருக்க வீட்டிலேயே ஒரு ஸ்கேனர் வைத்துக்கொள்வது நல்லது என்பதே என் கட்சி. ஆனால், “இத்தனை ஆயிரம் குறியீடு படிக்கும்” என்று அட்டைப்பெட்டியில் போட்டிருப்பதை நம்பி வாங்கினால் பணம் வீண். குறியீடு படிப்பது எந்த மலிவுக் கருவிக்கும் கைவந்த வேலை. அந்தக் குறியீடு ஏன் விழுந்தது என்று கண்டுபிடிக்கத் தேவையான சாட்சியத்தைக் கருவி காட்டுகிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது.

பல கம்பெனிக் கார்களோடும் ஒரே கருவி பேச முடிவதற்குக் காரணம் சட்டம். கார் தன் கோளாறைத் தானே கண்டு சொல்லும், கலிபோர்னியாவின் புகைக் கட்டுப்பாட்டில் முளைத்த ஓ.பி.டி. முறை, 1996 மாடலிலிருந்து அமெரிக்கா முழுக்கக் கட்டாயமானது. ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001இல் வந்தது. இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் 4 விதி 2010 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட 13 நகரங்களில் அமலானபோது ஓ.பி.டி.யின் முதல் கட்டமும், 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமும் வந்தன. அதற்குப் பிந்தைய பாரத் ஸ்டேஜ் 4, 6 கார் என்றால் ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் சாக்கெட் இருக்கும், பொதுவான கருவிக்குப் பதில் சொல்லும். பழைய கார்கள் சிலவற்றில் சாக்கெட் இருந்தாலும் கம்பெனியின் சொந்தக் கருவிக்குத்தான் பதில் வரும், விசாரித்துவிட்டு வாங்குங்கள். சட்டத்தின் அக்கறை புகைதான் என்பதால், பொதுவிதி என்ஜினோடு நின்றுவிடுகிறது. ஏ.பி.எஸ்., ஏர்பேக் போன்றவை அதற்கு வெளியே.

குறியீடு எந்த அளவுக்குச் சொல்லும், எங்கே நின்றுவிடும் என்பதற்கு பி0171 நல்ல உதாரணம். என்ஜினுக்குள் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்பதுதான் அதன் பொருள். அதைக் கண்டு சொன்னது ஆக்சிஜன் சென்சார் என்பதால் பலரும் முதலில் அதையே கழற்றுகிறார்கள். சேதி கொண்டுவந்தவனைத் தண்டிப்பதுபோலத்தான் இது. காற்றுக்குழாயில் விரிசல் இருக்கலாம், காற்றளவு சென்சாரில் தூசி படிந்திருக்கலாம், ஃபியூவல் பம்ப் தளர்ந்திருக்கலாம். எது என்று குறியீடு சொல்லாது. என்ஜின் ஓடும்போதே அதன் எண்களைக் காட்டும் ‘லைவ் டேட்டா’ சொல்லும். என்ஜின் கம்ப்யூட்டர் வழக்கமான அளவிலிருந்து எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ கொடுக்கிறது என்பது அதில் ‘ஃபியூவல் டிரிம்’ என்ற பெயரில் வரும். பத்து சதவீதத்துக்குள் ஏறி இறங்கினால் பெரும்பாலும் கவலையில்லை. காற்றளவு சென்சார் உள்ள காரை ஐடிலிங்கில் விட்டுப் பாருங்கள். 25 சதவீதம் கூட்டல் காட்டி, ஆக்சிலரேட்டரை மிதித்து 2,500 ஆர்.பி.எம்.முக்குக் கொண்டுபோனதும் 5 சதவீதத்துக்கு இறங்கினால், சென்சாரைத் தாண்டிய இடத்தில் எங்கோ கள்ளக் காற்று நுழைகிறது. என்ஜின் நிறையக் காற்றை இழுக்கும்போது அந்தச் சிறு கசிவு பொருட்டே அல்ல. அதனால்தான் எண் இறங்குகிறது. மாறாக, ஐடிலிங்கில் சரியாக இருந்து மேடேறும்போது எண் ஏறினால், பெட்ரோல் வரத்தையோ காற்றளவு சென்சாரையோ சந்தேகிக்க வேண்டும். முதல் வகைக்குச் சில நேரம் ஒரு ரப்பர் குழாயும் கிளிப்பும் போதும்.

இரண்டாவது சாட்சியம், குறியீடு விழுந்த கணத்தில் கம்ப்யூட்டர் பதிந்துவைக்கும் ‘ஃப்ரீஸ் ஃபிரேம்’. அப்போது வேகம் என்ன, கூலன்ட் சூடு என்ன, என்ஜின் மீது பாரம் எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். வேகம் பூஜ்யம், கூலன்ட் 35 டிகிரி என்றால் காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் வந்த தொல்லை. 90 டிகிரி, 80 கிலோமீட்டர் வேகம் என்றால் ஓட்டத்தில் வந்தது. மெக்கானிக்கிடம் இதைச் சொன்னாலே அவருடைய தேடல் பாதியாகக் குறையும். குறியீட்டை அழித்தால் இந்தப் பதிவும் சேர்ந்து போய்விடும். அதனால் அழிக்கும் பட்டனைத் தொடும் முன் திரையை ஒரு போட்டோ எடுத்துவைத்துக்கொள்ள வேண்டும். பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கும் ஸ்கேனர் பெரிய துணை. விளக்கு எரியவில்லை என்பது மட்டும் ஆதாரமல்ல; காட்டவரும் முன்புதான் அழித்திருக்கலாம். அப்படி அழித்திருந்தால், கார் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் பட்டியலில் ‘முடியவில்லை’ என்ற பதில் நிறைய வரும். அழித்தபின் ஓடிய தூரத்தையும் பல கார்கள் சொல்லும். 12 கிலோமீட்டர் என்று வந்தால் விற்பவரிடம் விளக்கம் கேட்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

மெக்கானிக்கிடம் ஸ்கேனர் இருக்கும்போது நமக்கு எதற்கு, அரைகுறையாகத் தெரிந்துகொண்டு கெடுத்துவைக்கவா என்று கேட்பவர்கள் உண்டு. இந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. குறியீட்டை வைத்து நாமே பாகங்களை வாங்கி மாற்ற ஆரம்பித்தால், ஒர்க்‌ஷாப் செய்யும் அதே தவறை நாமும் செய்வோம். ஆனால் படிப்பதால் கார் கெடாது. விட்டுவிட்டு வரும் கோளாறு ஒர்க்‌ஷாப் வாசலில் ஒளிந்துகொள்ளும் என்பது அனுபவமுள்ள எந்த மெக்கானிக்குக்கும் தெரியும். கோளாறு வரும் நேரத்தில் காரோடு இருப்பவர் சொந்தக்காரர்தான். அவர் கொண்டுபோகும் எண்கள் மெக்கானிக்குக்கும் உதவி. இன்னொன்று: விளக்கு விட்டு விட்டு மின்னினால் ஸ்கேனரைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். அது மிஸ்ஃபயர், எரியாத பெட்ரோல் போய் கேட்டலிட்டிக் கன்வர்டரைச் சுட்டுவிடும். வேகத்தைக் குறைத்து, ஓரமாக நிறுத்துவதுதான் முதல் வேலை.

இனி எதை வாங்குவது? சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் நீலநிற ப்ளூடூத் டப்பாக்கள் பெரும்பாலும் கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் உருவாக்கிய ஈ.எல்.எம். 327 சிப்பின் நகல்கள். முதல் பதிப்பில் நகலெடுப்பைத் தடுக்கும் பூட்டுப் போடாததால் உலகமெங்கும் பெருகிவிட்டன. அசல் சிப்பின் கட்டளைகள் பலவற்றுக்கு நகல்கள் பதில் சொல்வதில்லை. மேலே அச்சிட்டிருக்கும் பதிப்பு எண்ணையும் நம்ப முடியாது. குறியீடு மட்டும் படிக்க அவை போதும். லைவ் டேட்டா என்று வரும்போது எண்கள் தாமதித்து வரும், இணைப்பு அறுந்துபோகும். நமக்கு வேண்டிய இடத்தில்தான் அவை கோட்டைவிடும். அதற்கு அடுத்த படியில், பெயருள்ள கம்பெனியின் ப்ளூடூத் கருவி ஒன்றை வாங்கி, போனில் வரைபடமாகப் பார்ப்பதே என் தேர்வு. ஐபோன் வைத்திருப்பவர்கள் பி.எல்.இ. வகை ப்ளூடூத் என்று போட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய வகை பெரும்பாலும் அதில் வேலை செய்யாது. போன் வேண்டாம், வீட்டில் யார் வேண்டுமானாலும் மாட்டிப் பார்க்க வேண்டும் என்றால், ஒயர் வைத்த கைக்கருவி சரி. லைவ் டேட்டாவும் ஃப்ரீஸ் ஃபிரேமும் இல்லாத கைக்கருவியைக் கடைக்காரர் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

ஏ.பி.எஸ்., ஏர்பேக் படிக்காத கருவி எதற்கு என்பது கடைசி ஆட்சேபம். படிக்கிற கருவிகள் உண்டு. ஆனால் உங்கள் கம்பெனி, உங்கள் மாடல், உங்கள் ஆண்டு என்று பட்டியலில் பார்த்துத்தான் வாங்க வேண்டும், விலையும் எகிறிவிடும். பாரத் ஸ்டேஜ் 6 டீசல் காரில் புகை வடிகட்டியைக் கட்டாயமாக எரித்துச் சுத்தம் செய்ய வைப்பதும் பொதுக் கருவியால் ஆகாத காரியம். பல வருடத்தில் ஓரிரு முறை வரும் இந்த வேலைகளுக்கு ஒர்க்‌ஷாப்புக்குக் கட்டணம் கொடுப்பதுதான் சிக்கனம். எந்தக் கருவியானாலும் வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். சாக்கெட்டின் 16ஆம் பின்னுக்குச் சாவியை எடுத்த பிறகும் பேட்டரியிலிருந்து மின்சாரம் வந்துகொண்டேயிருக்கும். வாரக்கணக்கில் நிற்கும் காரை அது ஸ்டார்ட் ஆகாமல் செய்துவிடக்கூடும்.

(தொடரும்)