ஈரம் புகும் வழி

கோவில்பட்டியிலிருந்து ஒரு வாசகி கடிதம் எழுதியிருக்கிறார். ஜெர்மனியில் மகன் வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தவர். தினமும் காலையில் வீட்டுக்குப் பின்னால் இருந்த காட்டுப் பாதையில் நடக்கப் போவாராம். ஒரு நாள் கால் வலிக்கிறதே என்று வெட்டிப்போட்ட மரத்தின்மேல் உட்கார்ந்தபோது, அதன் பொந்துக்குள் பச்சை நிறக் குழாய் ஒன்று கையில் தட்டுப்பட்டது. சோதனைக்குழாய் மாதிரி உடம்பு, சோடா பாட்டில் மூடி. உள்ளே சுருட்டி வைத்த காகிதத்தில் வரிசையாகப் பெயர்களும் தேதிகளும். யாரோ விட்டுப்போன குப்பை, காடு சுத்தமாக இருக்கட்டுமே என்று எடுத்துவந்து தொட்டியில் போட்டுவிட்டார். சாயங்காலம் விஷயத்தைக் கேட்ட மகன் பதறிப்போய், "அம்மா, அதைத் தேடி எத்தனையோ பேர் வருவாங்களே" என்று குப்பைத் தொட்டியைக் கிளறியிருக்கிறார். 'அது என்ன விளையாட்டு? நான் செய்தது அவ்வளவு பெரிய தப்பா?' என்பது அவருடைய கேள்வி.

தப்பு உங்களுடையது இல்லை அம்மா. அது என்ன பொருள் என்று குழாயின்மேல் எழுதி ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டாமல் வைத்தவருக்குத்தான் அதில் பெரிய பங்கு.

அந்த விளையாட்டுக்கு ஜியோகேஷிங் என்று பெயர். ஒருவர் ஒரு பெட்டியை ஒளித்துவைத்து, அது இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை வெளியிடுவார். மற்றவர்கள் ஜிபிஎஸ் கருவியையோ கைபேசியையோ வைத்துக்கொண்டு தேடிப் போவார்கள். கிடைத்தால் உள்ளே இருக்கும் தாளில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, பெட்டியை இருந்தபடியே வைத்துவிட்டு வருவார்கள். பரிசு கிடையாது, பந்தயம் கிடையாது. உலகம் முழுக்க இப்படி 30 லட்சத்துக்கு மேல் பெட்டிகள் ஒளிந்திருக்கின்றன. ஜெர்மனி இதில் பெரிய நாடு. நீங்கள் எடுத்த குழாய்க்கு அங்கே 'பெட்லிங்' என்று செல்லப்பெயர். தண்ணீர் பாட்டில் தயாரிக்கும் ஆலைகளில் முதலில் தடித்த சுவருள்ள சிறு குழாயாக வார்த்து, பிறகு சூடாக்கிக் காற்றடித்துத்தான் பாட்டிலாக ஊதுகிறார்கள். ஊதுவதற்கு முன் இருக்கும் அந்தக் குழாய்தான் பெட்லிங். விலை மலிவு, மூடி திருகினால் இறுகும், மழைக்குத் தாங்கும்.

ஜிபிஎஸ் எப்படி வேலை செய்கிறது என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு தேதியைச் சொல்லியாக வேண்டும். ஆரம்பத்தில் அமெரிக்க ராணுவம் பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. கருவி காட்டும் இடம் 100 மீட்டர் வரை தள்ளிப்போகும். 2000ஆம் ஆண்டு மே 2ஆம் தேதி, அதிபர் கிளிண்டனின் உத்தரவுப்படி அந்தக் கலப்படத்தை நிறுத்தினார்கள். மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் என்ற ஊருக்குப் பக்கத்துக் காட்டில் ஒரு கறுப்பு வாளியைப் பாதி புதைத்து வைத்து, எண்களை இணையக் குழு ஒன்றில் வெளியிட்டார். புத்தகங்கள், மென்பொருள், கொஞ்சம் பணம், ஒரு கவண், ஒரு டப்பா அவரைப் பருப்பு, இவ்வளவும் அதற்குள் இருந்தன. மைக் டீக் என்பவர் முதலில் போய்க் கண்டுபிடித்தார். அந்த மாதம் முடிவதற்குள் விளையாட்டுக்குப் பெயரும் வந்துவிட்டது. மே 11இல் கன்சாஸ் மாநிலத்தில் மிங்கோ என்ற இடத்தில் வைத்த பெட்டியை இன்றும் தேடிப் போகிறார்கள்.

இன்றைய விதிப்படி பார்த்தால் அந்த முதல் வாளியில் இரண்டு குற்றங்கள். இடத்துக்குச் சொந்தக்காரர் வெளிப்படையாக அனுமதிக்காமல் பள்ளம் தோண்டிப் புதைக்கக் கூடாது. சாப்பாட்டுப் பொருள் வைக்கக் கூடாது. வாசனை பிடித்து வரும் விலங்கு பெட்டியைக் கடித்துக் குதறும். பிளாஸ்டிக்கை விழுங்கவும் செய்யும். விதிகள் யாரோ அறையில் உட்கார்ந்து யோசித்தவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் பின்னால் பட்ட அனுபவம் இருக்கிறது. 2011இல் இங்கிலாந்தில் வெதர்பி என்ற சிறு நகரத்தில் ஒரு கடைவாசலில் ஒளித்த பெட்டியை வெடிகுண்டு என்று நினைத்துத் தெருவையே காலி செய்தார்கள். ராணுவம் வந்து அதை வெடிக்கவைத்து அழித்தது. பெட்டிமேல் பெயர் எழுது, இடத்துக்குச் சொந்தக்காரரிடம் அனுமதி கேள் என்று விளையாட்டுக்காரர்கள் ஓயாமல் சொல்வது இதனால்தான். மரத்தில் ஆணி அடிக்கக் கூடாது. இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் குறைந்தது 161 மீட்டர் இடைவெளி வேண்டும்.

இதெல்லாம் எனக்குத் தெரிய வந்தது என் தங்கை மகளால். அவள் ஓரிகனில் போர்ட்லண்ட் நகரில் இருக்கிறாள். போன அக்டோபரில் அங்கே போயிருந்தபோது, அவளும் அவளுடைய ஒன்பது வயது மகளும் என்னை நகரத்தை ஒட்டிய ஃபாரஸ்ட் பார்க் காட்டுக்குக் கூட்டிப்போனார்கள். இலைகளெல்லாம் நனைந்து, பாதை முழுக்கப் பாசி வாசம். கைபேசியில் இன்னும் ஆறு மீட்டர் என்று காட்டியதும் தங்கை மகள் அதைப் பையில் போட்டுவிட்டாள். "இதுக்கு மேல போன் உதவாது மாமா. அடர்ந்த மரத்துக்குக் கீழ அது தடுமாறும். இனிமே கண்ணாலதான் தேடணும். நீங்களா இருந்தா எங்க ஒளிச்சு வைப்பீங்க?" என்றாள். யாராவது வந்தால் தேடுவதை நிறுத்திவிட்டுச் செருப்பு வார் கட்டுவதுபோல் குனிந்துகொள்ள வேண்டும். விளையாட்டு தெரியாதவர்களை 'மகிள்' என்பார்கள், ஹாரி பாட்டர் கதையிலிருந்து எடுத்த சொல். மகிள் கண்ணில் பெட்டி பட்டால், வாசகி எடுத்துப்போனதைப் போல அதுவும் போய்விடும்.

பெட்டி ஒரு பட்ட மரத்தின் வேருக்கு அடியில், பட்டைத் துண்டால் மூடியபடி இருந்தது. நாலு பக்கமும் கொக்கி மாட்டும் சாப்பாட்டு டப்பா. பெரிதாக, 'இது ஜியோகேஷ்' என்று எழுதி ஒட்டியிருந்தது. திறந்தால் அடியில் ஒரு விரல் கனத்துக்குத் தண்ணீர். உறையில் இருந்த நோட்டுத்தாள் ஊறி, மை கரைந்து, பாதிப் பெயர்கள் நீல மேகமாகப் பரவியிருந்தன. பென்சிலால் எழுதியவை மட்டும் தெளிவாகத் தெரிந்தன.

மூடி விரிசல் விடவில்லை. கொக்கிகள் நாலும் மாட்டியிருந்தன. பின்னே தண்ணீர் எப்படி உள்ளே வந்தது? ஊருக்குத் திரும்பிய பிறகும் இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

விடை நம் வீட்டுச் சமையலறையிலேயே இருக்கிறது. என் அம்மா பள்ளிக்கூடத்துக்குச் சோறு கட்டும்போது, ரசத்தை ஆறவிடாமல் எவர்சில்வர் தூக்கில் ஊற்றி மூடிவிட்டால், மத்தியானம் மூடியைத் திறக்க இரண்டு பேர் வேண்டும். உள்ளே இருக்கும் காற்றும் ஆவியும் ஆறிச் சுருங்கியிருக்கும். வெளிக்காற்று மூடியை அழுத்திப் பிடித்திருக்கும். காட்டில் இருக்கும் பெட்டிக்கும் தினமும் இதுதான் நடக்கிறது. வெயிலில் 30 டிகிரிக்குச் சூடாகும் டப்பா ராத்திரி 5 டிகிரிக்கு இறங்கினால், உள்ளிருக்கும் காற்று கிட்டத்தட்டப் பன்னிரண்டில் ஒரு பங்கு சுருங்கும். ஒரு லிட்டர் டப்பா என்றால் 80 மில்லி. மூடி முழுக்க இறுக்கமாக இருந்தால் தூக்கைப் போல அது தாங்கிக்கொள்ளும். எங்கேயாவது மயிரிழை வழி இருந்தால் அந்த 80 மில்லியை வெளியிலிருந்து உறிஞ்சும். பகலில் சூடேறினால் திரும்ப வெளியே விடும். பெட்டி மூச்சுவிடுகிறது. வெயில் காய்ந்த டப்பாவின்மேல் திடீரென்று மழை கொட்டினால் டப்பா சட்டென்று குளிரும். அப்போது மூடி விளிம்பில் தேங்கி நிற்பது தண்ணீர், உள்ளே இழுபடுவதும் அந்தத் தண்ணீர்தான். மூச்சை வெளியே விடும்போது காற்று போகிறது, தண்ணீர் அடியிலேயே தங்கிவிடுகிறது. அப்படிச் சொட்டுச் சொட்டாகச் சேர்ந்ததுதான் அந்த ஒரு விரல் கனம்.

அந்த மயிரிழை வழியை அன்று காட்டிலேயே கண்டுபிடித்திருந்தது குழந்தைதான். மூடியைக் கழற்றிய விதத்தை ஒருமுறை மனதில் ஓட்டிப் பார்த்துவிட்டு, "தாத்தா, பை ஓரம் வெளிய தெரிஞ்சுது" என்றாள். நோட்டை வைத்திருந்த பிளாஸ்டிக் உறையின் ஒரு மூலை, ரப்பர் வளையத்துக்கும் மூடிக்கும் நடுவில் மாட்டியிருந்திருக்கிறது. கடைசியாக வந்தவர் அவசரத்தில் மூடியிருக்கிறார். உறை ஒரு தாள் கனம்கூட இராது. ஆனால் அதன் மடிப்பில் வளையம் படியாமல் ஒரு கால்வாய் உண்டாகிவிடும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதைப் போல அதன் வழியே தண்ணீர் நகரும். ஒரு மணல் துகளோ, ஒரு பைன் மர ஊசியோ வளையத்தில் ஒட்டியிருந்தாலும் இதே கதைதான். அம்மா ஊறுகாய் ஜாடிக்குத் துணி கட்டும்போது விளிம்பை விரலால் ஒருமுறை சுற்றித் துடைத்துவிட்டுத்தான் கட்டுவார். பெட்டியை மூடுபவர்கள் செய்ய வேண்டியதும் அவ்வளவே. உறையை உள்ளே மடித்துத் தள்ளு, விளிம்பை விரலால் துடை, பிறகு கொக்கியைப் போடு. பத்து வினாடி வேலை.

அமெரிக்க ராணுவத்தின் பழைய தோட்டாப் பெட்டிகளை இந்த விளையாட்டுக்காரர்கள் தேடி வாங்குவது ஏன் என்று இப்போது புரியும். தடித்த ரப்பர் வளையம், நெம்புகோல் கொக்கி, மூச்சுவிடாத இரும்பு. ஃபிலிம் ரோல் டப்பாவை நம்பி வைப்பவர்கள் மழைக்காலம் முடிந்ததும் கூழைத்தான் எடுக்கிறார்கள்.

எனக்கு வருத்தம் தருவது, ஒளித்துவைப்பதில் இருக்கும் உற்சாகம் பார்த்துக்கொள்வதில் இல்லை என்பது. ஒளித்துவைக்க ஒரு மத்தியானம் போதும். பராமரிப்புக்கு வருடங்கள் வேண்டும். சுற்றுலா போன ஊரில் பெட்டி வைப்பதை விதி தடுக்கிறது. நாலு மழைக்குப் பிறகு தாள் மாற்ற யார் போவார்கள்? கவனிக்க ஆளில்லாத பெட்டி பாசி படிந்து, மூடி உடைந்து, கடைசியில் வாசகி நினைத்த அதே குப்பையாகிவிடுகிறது. 2002 முதல் இந்தக் கூட்டத்தார் பெட்டி தேடப் போகும்போது கையில் பையோடு போய்க் குப்பை பொறுக்கி வருவதைப் பழக்கமாக்கியிருக்கிறார்கள். நல்ல பழக்கம். அந்தப் பையில் அவர்களே வைத்து மறந்த டப்பாக்களும் விழ வேண்டும்.

தேடுபவர்களுக்கும் கடமை உண்டு. பெட்டி கிடைக்காவிட்டால் 'கிடைக்கவில்லை' என்று எழுத வேண்டும். பலர் கௌரவக் குறைச்சல் என்று விட்டுவிடுகிறார்கள். நாலு பேர் தொடர்ந்து அப்படி எழுதினால்தான் பெட்டி தொலைந்துபோனது என்று சொந்தக்காரருக்குத் தெரியும். அதைவிட மோசம், தேடிக் கிடைக்காதபோது தன் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து அங்கே போட்டுவிட்டு 'கண்டுபிடித்தேன்' என்று எழுதுவது. பழைய பெட்டி இரண்டடி தள்ளி இருக்கும்; இப்போது காட்டில் இரண்டு டப்பாக்கள், புதியதற்குக் கேட்க ஆளில்லை.

நாங்கள் அன்று தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு, கைக்குட்டையால் வளையத்தையும் விளிம்பையும் துடைத்தோம். நனைந்த தாளை வீசாமல் தனி உறையில் போட்டு உள்ளேயே வைத்தோம். அது சொந்தக்காரருடைய பதிவேடு, எடுத்துப்போக நமக்கு உரிமை இல்லை. தங்கை மகள் ஒரு காய்ந்த தாளைக் கிழித்து வைத்தாள். குழந்தை பென்சிலால் மூன்று பெயர்களையும் எழுதினாள், என் பெயரைத் தமிழில். பெட்டியை வேருக்கு அடியில் தள்ளி, பட்டைத் துண்டை எடுத்தபோது இருந்த கோணத்திலேயே சாய்த்து வைத்தாள். வீட்டுக்கு வந்ததும் 'உள்ளே தண்ணீர், வளையத்தைப் பார்க்கவும்' என்று சொந்தக்காரருக்குக் குறிப்பு அனுப்பினார்கள்.

மூன்று வாரம் கழித்து நான் ஊரில் இருக்கும்போது தங்கை மகள் அவருடைய பதிலை எனக்கு அனுப்பினாள். புது வளையம் போட்டாயிற்றாம். உறையை எடுத்துவிட்டு, மூடிக்கு எட்டாத அளவில் சிறிய உறை வைத்திருக்கிறாராம். பழைய தாளை அடுப்புக்குப் பக்கத்தில் கொடி கட்டிக் காயவைத்ததில் பென்சில் பெயர்கள் அத்தனையும் படிக்க முடிகிறதாம்.