'அப்புறம்' என்றொரு சொல்: ஈரானியப் புரட்சியை முன்வைத்து

சில மாதங்களுக்கு முன்பு நண்பர்கள் கூடி ஒரு கோரிக்கைப் பட்டியல் தயாரித்துக்கொண்டிருந்தோம். இயக்கங்களுக்குள்ளே பெண்கள் எதிர்கொள்ளும் ஒடுக்குமுறையையும் சேர்க்க வேண்டும் என்றார் ஒரு தோழி. "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் தோழர், முதல்ல பெரிய விஷயத்த முடிப்போம்" என்று பதில் வந்தது. நானும் தலையாட்டினேன். அப்போது 1979 ஈரானியப் புரட்சி பற்றித் தொடர்ந்து வாசித்துக்கொண்டிருந்தேன். அந்த 'அப்புறம்' அங்கேயும் வந்து நின்றது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஈரானைப் பற்றி இரண்டு கதையாடல்கள் உண்டு. மக்கள் செய்த புரட்சியை முல்லாக்கள் திருடிக்கொண்டார்கள் என்பது ஒன்று. தொடக்கத்திலிருந்தே அது மதவாதப் புரட்சிதான் என்பது மற்றொன்று. இரண்டுமே வசதியானவை. முன்னது இடதுசாரிகளைப் பொறுப்பிலிருந்து விடுவித்துவிடுகிறது. பின்னது தெருவில் இறங்கிய மக்களை மந்தையாக்கிவிடுகிறது. நடந்தது இவ்வளவு சுலபமானதல்ல.

1951இல் எண்ணெயை நாட்டுடைமையாக்கிய பிரதமர் மொசாதெக்கை 1953இல் அமெரிக்க, பிரிட்டிஷ் உளவு அமைப்புகளின் துணையோடு கவிழ்த்த பிறகுதான் ஷா முகமது ரேஸா பஹ்லவி முழு எதேச்சாதிகாரி ஆனார். 1957இல் சாவாக் என்னும் ரகசியப் போலீஸ் வந்தது. துதே என்ற கம்யூனிஸ்டுக் கட்சி நசுக்கப்பட்டது. மொசாதெக்கின் தேசிய முன்னணி முடக்கப்பட்டது. சுயேச்சையான தொழிற்சங்கம் என்று ஒன்று மிஞ்சவில்லை. 1963இன் 'வெண்புரட்சி' நிலச் சீர்திருத்தத்தையும் பெண்களுக்கு வாக்குரிமையையும் கொண்டுவந்தது. ஆனால், நிலம் போதாத கிராமத்தார் டெஹ்ரானின் புறநகர்க் குடிசைகளில் வந்து குவிந்தார்கள். 1973க்குப் பிறகு எண்ணெய்ப் பணம் கொட்டியது. கூடவே விலைவாசியும் ஏறியது. பழியை பஜார் வணிகர்கள் தலையில் போட்டு, அபராதமும் சிறையும் விதித்தது அரசு. 1975இல் நாட்டுக்கு ஒரே கட்சி என்று அறிவித்தார் ஷா.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சங்கம், கட்சி, பத்திரிகை என்று மக்கள் கூடும் இடங்களையெல்லாம் ஷா இடித்தார். பள்ளிவாசலை அப்படி இடிக்க அவரால் முடியவில்லை. அதற்குப் பஜாரின் பணம் இருந்தது, ஊர்தோறும் ஆள் இருந்தது, துக்கம் கொண்டாடும் சடங்கு இருந்தது. புரட்சி யார் கைக்குப் போகும் என்பதைப் பெருமளவு முன்கூட்டியே தீர்மானித்தவர் ஷாதான்.

ஆனாலும் முதல் குரல்களில் ஒன்று எழுத்தாளர்களுடையது. 1977 அக்டோபரில் டெஹ்ரானில் ஜெர்மனியின் கோத்தே நிறுவனத்தோடு சேர்ந்து ஈரானிய எழுத்தாளர் சங்கம் பத்து இரவுகள் கவிதை வாசிப்பு நடத்தியது. ஆயிரக்கணக்கானோர் மழையில் நனைந்தபடி உட்கார்ந்து கேட்டார்கள். தணிக்கை ஒழிய வேண்டும் என்பது அங்கே பேசப்பட்டது. அடுத்து 1978 ஜனவரியில், நாடு கடத்தப்பட்டிருந்த கொமெய்னியை இழிவுபடுத்தி நாளேடு ஒன்றில் கட்டுரை வந்தது. கும் நகரில் எதிர்த்தவர்கள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். நாற்பதாம் நாள் துக்கம் தப்ரீஸில் கலவரமாயிற்று. அங்கே செத்தவர்களுக்கு இன்னொரு நாற்பதாம் நாள். துக்கமே போராட்டத்தின் நாட்காட்டியாயிற்று. ஆனால், அரசின் முதுகெலும்பை முறித்தது எண்ணெய்த் தொழிலாளர் வேலைநிறுத்தம். 1978 டிசம்பர் கடைசியில் எண்ணெய் ஏற்றுமதியே நின்றுபோனது. 1979 ஜனவரி 16இல் ஷா ஓடினார். பிப்ரவரி 1இல் கொமெய்னி திரும்பினார். பிப்ரவரி 11இல் ராணுவம் நடுநிலை அறிவித்து ஒதுங்கியது.

அந்தக் கூட்டத்தைப் பார்த்து மயங்கியவர்களில் ஃபூக்கோவும் ஒருவர். 1978இல் நேரில் போய் இத்தாலியப் பத்திரிகைக்கு எழுதினார். அதிகாரத்தை அணுஅணுவாகப் பிரித்துக் காட்டியவர், மேடையேறக் காத்திருந்த அதிகாரத்தை உரிய அளவில் சந்தேகிக்கவில்லை. அப்போதே ஓர் ஈரானியப் பெண் புனைபெயரில் அவரை மறுத்து எழுதினார். தன் உடலின் மீது வரப்போகும் சட்டம் அவருக்குத் தெரிந்திருந்தது.

வெற்றிக்கு ஒரு மாதம்கூட ஆகவில்லை. பெண்களுக்கு விவாகரத்து உரிமையளித்த குடும்பப் பாதுகாப்புச் சட்டம் கைவிடப்படும் என்ற அறிவிப்பு வந்தது. அலுவலகங்களில் பெண்கள் தலையை மூட வேண்டும் என்றார் கொமெய்னி. மார்ச் 8இல் பல்லாயிரம் பெண்கள் டெஹ்ரான் தெருக்களில் இறங்கினார்கள். பின்னுக்குப் போகவா புரட்சி செய்தோம் என்று கேட்டார்கள். கத்தியோடும் கல்லோடும் கும்பல்கள் தாக்கின. இடதுசாரி அமைப்புகளில் பலவும் என்ன சொல்லின? ஏகாதிபத்திய எதிர்ப்பே முதன்மை முரண்பாடு, இது கிளைப் பிரச்சினை, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அந்த 'அப்புறம்' வரவே இல்லை. மார்ச் கடைசியில் வாக்கெடுப்பு. கேள்வி ஒன்றே ஒன்று: இஸ்லாமியக் குடியரசு, வேண்டுமா வேண்டாமா? 98 சதவீதத்துக்கு மேல் 'வேண்டும்'. வேறு எந்த வகைக் குடியரசும் வாக்குச் சீட்டில் இல்லை. டிசம்பரில் மதத் தலைவரின் ஆட்சியுரிமை அரசியல் சட்டமாயிற்று. 1980இல் ஈராக் தொடுத்த போர் எட்டு ஆண்டுகள் நீடித்தது. எதிர்ப்புக் குரலெல்லாம் துரோகமாயிற்று. பத்து இரவுகளில் கவிதை வாசித்த சயீத் சொல்தான்பூர் 1981இல் தன் திருமண விழாவிலேயே கைதுசெய்யப்பட்டு, பிறகு சுட்டுக்கொல்லப்பட்டார். கொமெய்னியை ஆதரித்துக்கொண்டே வந்த துதேயின் முறை 1983இல் வந்தது. 1988இல் சிறைகளில் ஆயிரக்கணக்கானோர் தூக்கிலிடப்பட்டார்கள். 1998 டிசம்பரில் எழுத்தாளர் சங்கத்தின் மொக்தாரியும் பூயந்தேயும் கடத்திக் கொல்லப்பட்டபோது, தன் ஆட்களே செய்தார்கள் என்று உளவு அமைச்சகமே ஒப்புக்கொண்டது.

அப்படியானால் மன்னராட்சியே மேல் என்று கிளம்பிவிட வேண்டாம். பேசுவதற்கான இடங்களை ஒழித்து இந்த முடிவுக்கு வழி போட்டதே அதுதான். மேலும், விளைவுகள் ஒரே திசையில் போவதில்லை. புரட்சிக்குப் பின் கிராமங்களுக்குப் பள்ளிகள் போயின. பெண் கல்வி பெருகியது. 2000த்தையொட்டிப் பல்கலைக்கழகத்தில் சேர்வோரில் பாதிக்கு மேல் பெண்கள். 2022இல் மஹ்சா அமீனி காவலில் இறந்ததும் தலைத்துணியை எரித்தவர்கள் இந்தக் குடியரசின் பள்ளிகளில் படித்த பெண்கள்தாம். 1979 மார்ச்சில் கேட்கப்பட்ட கேள்வியையே 43 ஆண்டுகளுக்குப் பிறகு திரும்பக் கேட்டார்கள். இம்முறை ஆண்களும் கூட நின்றார்கள்.

யாருடைய கோரிக்கையை ஓர் இயக்கம் தள்ளிப்போடுகிறதோ, அவர்களை ஒடுக்குவதற்கான அனுமதியை நாளைய அரசுக்கு இன்றே எழுதிக் கொடுத்துவிடுகிறது. ஈரானிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதைத்தான். எங்கள் பட்டியலை மறுபடி கேட்டு வாங்கியிருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் தோழி சொன்னதைச் சேர்க்கச் சொல்லிப் பேச வேண்டும். எத்தனை பேர் முகம் சுளிப்பார்கள் என்றும் தெரியும்.